கருவேல முள்ளில் கிறிஸ்மஸ்

அம்மா போனில் கேள்வி கேட்க மாட்டாள், தீர்ப்புதான் சொல்வாள். அந்த டிசம்பரில் வந்த தீர்ப்பு இது: "கிறிஸ்மசுக்கு முந்துன நாள் நான் அங்க வாரேன். நீ இருக்கது வீடு மாதிரி இருந்தா இருந்துக்கோ. சத்திரம் மாதிரி கெடந்துச்சுன்னா பெட்டியக் கெட்டு, என்கூட வந்துரு."

பெட்டியைக் கட்டினால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் அப்பா ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசராம். தினம் எட்டு மணி நேரம் ஒரு சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வீட்டிலும் ஒருவர் எதற்கு? எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. என் சம்பளத்தில் நான் வாங்கிய மிக்ஸியை வேறு யாரும் தொடாமல் இருப்பது அதைவிடப் பிடித்திருந்தது.

சத்திரத்தில் இடம் கிடைக்காமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்குத்தான் இந்தப் பண்டிகையே என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு நான் வேறு வயிற்றில் பிறந்திருக்க வேண்டும்.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்று எங்களுடையது. மூன்று பேர், ஒரு ஃபேன், ஓரமாக ஒரு அடுப்பு மேடை. என்னோடு ஒரு பரமக்குடிக்காரி. இன்னொருத்தி வாலாஜாபாத்காரி. சொந்த வீடு பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருந்தும், நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்க அவள் தம்பிகளின் டிவி விடாததால் எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டவள். மூவரும் ஒரே பிளாண்டில், கார்களுக்கு வயர் கட்டும் லைனில் வேலை. அவர்கள் இருவருக்கும் கிறிஸ்மஸ் என்றால் யாராவது கேக் கொடுக்கும் நாள். ஆனாலும் என் கதையைக் கேட்டதும் என்னைவிட அவர்கள்தான் அதிகம் பதறினார்கள். நான் போய்விட்டால் வாடகையை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அது ஒன்று. என் மீன்குழம்பு இன்னொன்று.

மாதக் கடைசி. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு நான் படப்பை ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். விளக்கு எரியும் ஸ்டார், வெள்ளி மணி, பிளாஸ்டிக் மரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து விலை கேட்டேன். கடைக்காரர் நான் வாங்கப்போவதில்லை என்பதை மூன்றாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒரு முனை கிழிந்த காகித ஸ்டாரைப் பாதி விலைக்குக் கொடுத்து அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சிவப்பு சார்ட் அட்டையும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் சவுக்குக் கிளைதான் கிறிஸ்மஸ் மரம். இங்கே சுற்றிலும் காம்பவுண்டுச் சுவரும் கருவேலமும்தான். சரி, வருவது வரட்டும் என்று ஒரு கருவேலங்கிளையை வெட்டி வந்து பெயின்ட் டப்பாவில் மண் போட்டு நட்டோம். அதில் ஒரு சௌகரியம், நூலே தேவையில்லை. பஞ்சை வீசினால் முள்ளில் மாட்டிக்கொள்ளும். "சாமிக்கு முள்ளு வைக்கலாமாடி?" என்றாள் பரமக்குடிக்காரி. அவருக்கு முள் ஒன்றும் புதிதில்லை என்றேன்.

குடிலுக்கு சேஃப்டி ஷூ வந்த அட்டைப்பெட்டி. மாதாவும் சூசையப்பரும் பழைய காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டார்கள். மூன்று ராஜாக்களுக்கு ஒருவர்தான் கிடைத்தார். வாலாஜாபாத்காரியின் பக்கத்து வீட்டுக் கொலுவில் மூக்கு உடைந்ததால் ஒதுக்கிவிட்ட செட்டியார் பொம்மை. தொப்பையும் கல்லாப்பெட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்த தோரணை, பொன்னும் தூபமும் கொண்டுவந்தவர் மாதிரி இல்லை, வட்டி கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. பாலன் இயேசுவுக்கு எதுவும் அமையவில்லை. கடைசியில் தோலோடு ஒரு நிலக்கடலையைப் பஞ்சில் படுக்கவைத்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், துணியில் சுற்றிய பிள்ளை மாதிரியே இருந்தது.

இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் நானும் பரமக்குடிக்காரியும் கடைசி வேலையைச் செய்தோம். வாலாஜாபாத்காரி அப்போது நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மணியும் உருண்டையும் வாங்க வக்கில்லாததால், சிவப்பு அட்டையை உள்ளங்கை அளவில் வெட்டி, மேலே ஓட்டை போட்டு, நூல் கோத்து, மரத்தில், ஸ்டாரில், குடிலில், செட்டியார் கழுத்தில் என்று எல்லாவற்றிலும் தொங்கவிட்டோம். இரண்டு வருடம் லைனில் வேலை பார்த்த கை, கண்ணை மூடிக்கொண்டு அதே அளவில்தான் வெட்டும். அறையே சிவந்து ஜொலித்தது. எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து, மதியம் கூட்டு ரோட்டில் இறங்கிய அம்மாவைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அளந்தேன். மரம் என்றேன், குடில் என்றேன், சும்மா பாருங்கள் என்றேன். கதவைத் திறந்தேன்.

தரை கழுவித் துடைத்து மின்னியது. பாத்திரம் கவிழ்த்து அடுக்கியிருந்தது. நடுவில் வாலாஜாபாத்காரி போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். மரம் இல்லை. ஸ்டார் இல்லை. குடிலும் இல்லை, செட்டியாரும் இல்லை. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி துடைத்துவிட்ட நாலு சுவர்.

அவளை உலுக்கி எழுப்பினேன். "எங்கடி எல்லாம்?"

"இன்னாது? அந்தக் குப்பையா? உங்கம்மா வராங்கன்னு வூட்டக் கூட்டிக் கழுவி, எல்லாத்தையும் மூட்டை கட்டி பஞ்சாயத்து வண்டில போட்டுட்டேன்."

"குப்பையா?"

"நீங்கதானடி ரெட் டேக் போட்டு வச்சிருந்தீங்க!"

எங்கள் பிளாண்டில் வேண்டாத சாமான் எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அட்டை கட்டுவார்கள், அதுதான் ரெட் டேக். கட்டிய சாமானை அன்றைக்கே அகற்றிவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. முள்ளுக் கிளை, கிழிந்த ஸ்டார், ஷூ பெட்டி, கடலை, ஒவ்வொன்றிலும் சிவப்பு அட்டை. தூக்கக் கலக்கத்தில் வந்தவள் வேறு என்னதான் நினைப்பாள்?

"என் பொம்மைக்கும் டேக் மாட்டிட்டாளுங்களேன்னு கோவம்கூட வந்துச்சு. சரி, ஒழியட்டும்னுதான் போட்டேன்" என்றவளுக்கு, என் முகத்தைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்து, "அம்மா, அவ மேல தப்பு இல்லம்மா. நல்லாத்தான் ஜோடிச்சிருந்தா. நான்தாம்மா கூமுட்ட. அவளக் கூட்டினு போயிடாதீங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த பரமக்குடிக்காரி, என்ன ஏது என்று கேட்டுவிட்டு, "கடலைய மட்டுமாச்சும் எடுத்து வச்சிருக்கலாம்லடி" என்றாள்.

"என்ன கடலை?" என்றாள் அம்மா.

இனி மறைக்க எதுவும் இல்லை. கடலைப் பாலன் முதல் மூக்கறுந்த ராஜா வரை எல்லாவற்றையும் கொட்டினேன். தூத்துக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவின் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள். சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி, கண்ணில் தண்ணீர் வழிய. "செட்டியாரு ராஜாவாக்கும்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அப்பா இருக்கும்போது சத்தமாகச் சிரிப்பது வழக்கமில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சிரிப்பு அடங்கும் முன்னே அப்பாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ரூம் எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டார். அம்மா வெறும் சுவரைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

"நல்லா ஜோடிச்சிருக்காளுவோ. ஸ்டாரு, மரம், குடிலு எல்லாம் இருக்கு. நம்ம வீட்டுல உள்ளத விட ஜோரு. இவ இங்கனயே இருக்கட்டும். மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு நான் வந்து பதில் சொல்லிக்கிடுதேன்."

பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுப்பவள் அவள்.

போனை வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். "என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? கடை அடைக்கதுக்குள்ள ஓடிப்போயி ஒரு ஸ்டாரு வாங்கிட்டு வா. நான் சொன்னது பொய்யாயிரக் கூடாது."