ஒரேத்தோ கராஜில் கூடினவர்கள்

மோட்டார் சைக்கிள் திருத்துற வேலையில், வண்டியைப் பற்றித் தொடங்கித் தங்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிற ஆக்கள்தான் கூட. கராஜில் கை கறுத்த உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

இல்லாத சத்தம்

இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் நான் வேலை செய்கிற கராஜ். ஆப்கானிஸ்தானில் இருந்துவிட்டு வந்த சால்வோ என்ற இத்தாலியப் படைக்காரன் காலமையில் வருவான். எஞ்சினுக்குள் ஏதோ சத்தம் என்பான். எனக்கொன்றும் கேட்காது. வண்டியை வாசலில் வைத்து எஞ்சினை ஓடவிட்டால், சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்து போவான். புகையில் வெயில் மிதக்கும். எனக்கும் கண் சொக்கும். ஒருநாள் எஞ்சினை நிறுத்தப் போனபோது, அவனைத் தேடி வந்த மனைவி ரீத்தா என் கையைப் பிடித்தாள்.

"நிப்பாட்டாதையுங்கோ. சண்டையாலை வந்த நாள் துவக்கம் இவர் வீட்டிலை நித்திரை கொள்ளேல்லை."

திருநாள் வெடி

சால்வோவோடு படையில் இருந்த நீனோவும் வரத் தொடங்கினான். இரண்டு பேரும் அதிகம் கதைக்கமாட்டார்கள். ஒரு மத்தியானம் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயிலில் திருநாள் வெடி கொளுத்தினார்கள். சத்தம் அடங்கியபோது நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசைக்குக் கீழே கிடந்தோம். நான் வன்னியில் சண்டைக்குள் இருந்தவன் என்று அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். நீனோ என் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை எங்களோடை கடற்கரைக்கு வா."

பல்கனிக்குக் கீழே

மொந்தெல்லோக் கடற்கரை வரை மோட்டார் சைக்கிள்களில் ஓடினோம். சால்வோவுக்குப் பின்னால் நான். மலையை வளைக்கையில் கடல் சரிந்து வந்து பக்கத்திலேயே ஓடும். எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது மறந்துபோகும். ஞாயிறுதோறும் வேறு படைக்காரரும் சேர்ந்தார்கள்.

பிறகு நீனோ வராமல் விட்டான். போனும் எடுக்கவில்லை. அல்பெர்கேரியாச் சந்தைப் பக்கம் தனிய இருந்தவன். பயந்துபோய் எல்லாரும் அவனுடைய ஒழுங்கைக்குள் போய், பல்கனிக்குக் கீழே எஞ்சின்களை ஓடவிட்டபடி நின்றோம். ஒருவரும் கூப்பிடவில்லை. சந்தைக்காரர்கூடக் கூவுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மேல்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, நீங்கள் ஆர் என்று கேட்டாள். சால்வோ யோசித்து, "கிளப்" என்றான். அந்த நிமிசம்தான் நாங்கள் கிளப் ஆனோம். பல்கனிக் கதவு திறந்தது. தாடி வளர்ந்த நீனோ வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான்.

"நில்லுங்கோ, சப்பாத்துப் போட்டிட்டு வாறன்."

இப்போது எங்கள் கராஜுக்குத் திருத்த வருகிறவர்களைவிட இருக்க வருகிறவர்கள்தான் கூட, முதலாளியும் முணுமுணுத்தபடி கதிரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்.