விக்கல் இல்லாத கம்ப்யூட்டர்

நன்றாக உழைத்துக்கொண்டிருந்த என் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொன்னார் காந்திபுரத்துக் கடைக்காரர். புது இயங்குதளம் இதில் ஏறாதாம், பழையதற்கு இனிப் பாதுகாப்பு கிடையாதாம். "புதுசா ஒண்ணு எடுத்துருங்க சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்கு ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நானே ஏற்றினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதி இசையமைப்பவன் நான். இசைக்குறிப்பைத் தட்டச்சு செய்தால் பாட்டின் நான்கு குரலையும் வயலின், புல்லாங்குழல் ஒலியில் வாசித்துக் காட்டும் பழைய சாஃப்ட்வேர் ஒன்று என்னிடம் இருந்தது. குழுவில் வேறு யாருக்கும் குறிப்பு படிக்கத் தெரியாது. சனிக்கிழமை மாலை ஸ்பீக்கரில் அதை ஓடவிடுவேன், கேட்டுக் கேட்டே பாடிப் பழகுவார்கள். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. இப்போது வருகிற சாஃப்ட்வேர்களோ மாதச் சந்தா கேட்கின்றன. நான் எழுதிய பாட்டை நான் திறந்து பார்க்க வாடகை கட்ட வேண்டுமாம். தூ என்றிருந்தது.

பழைய சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்ட வழி இருக்கிறது என்று படித்து, அதோடு மல்லுக்கட்டினேன். முதலில் திறக்கவே இல்லை. திறந்தபோது சத்தம் இல்லை. சத்தம் வந்தபோது வயலினும் புல்லாங்குழலும் ஒரே தகர டப்பாவாக ஒலித்தன. ஒருவழியாக அதையும் சரிசெய்தேன். தவக்காலம் தொடங்கிவிட்டது, பெரிய வெள்ளிக்கு வருடாவருடம் பாடும் என் பாட்டை ஒத்திகை பார்த்தாக வேண்டும்.

அந்தப் பாட்டுக்குப் பங்கு மக்களிடையே நல்ல பெயர். 'இரக்கம்' என்ற சொல்லின் நடுவில் குழு முழுவதும் சட்டென்று நின்று, பிறகு தொடரும். அழுகை தொண்டையை அடைத்ததுபோல இருக்கும். நான் எழுதியது ஒரே நீண்ட மூச்சாக. பாடுகிறவர்களின் உணர்ச்சிதான் அங்கே நிறுத்துகிறது என்று நினைத்து, பாராட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஓடவிட்டேன். அந்த இடத்தில் எல்லோரும் நின்றார்கள், கம்ப்யூட்டர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே கூத்து. காரமடையிலிருந்து பஸ்ஸில் வந்து பாடும் டீச்சரம்மாதான் பேசினார்.

"ஏனுங்க சார், உங்க கம்ப்யூட்டரு அவசரப்படுதுங்க. மூச்சு உடறதுக்கு எடங் குடுக்க மாட்டேங்குது."

"அது சரியாத்தான் போகுதுங்க. நான் அங்க நிறுத்தமே எழுதலீங்களே."

"இத்தன வருசமா நின்னுச்சுங்களே. அது நின்னதாலதானுங்க நாங்களும் நின்னோம்."

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். 'இரக்' முதல் பக்கத்தின் கடைசியில் இருந்தது, 'கம்' அடுத்த பக்கத்தில். பழைய இயங்குதளத்தில் பக்கம் மாறும்போது சத்தம் ஒரு கணம் விக்கும். பழகிப்போனதால் நான் அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. அவர்கள் அந்த விக்கலையும் சேர்த்தே பயபக்தியோடு மனப்பாடம் செய்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எழுதியபடிதான் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பாடினார்கள். 'இரக்கம்' வந்தது, போனது, யார் மனதிலும் ஒட்டவில்லை. "நல்லாத்தானுங்க சார் இருக்குது" என்றார் டீச்சரம்மா. எங்கள் ஊர்ப்பக்கம் மரியாதைக்காக அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாக இல்லை என்றுதான் என் காதும் சொன்னது.

வீட்டுக்கு வந்து, அந்தச் சொல்லின் நடுவில் என் கையாலேயே ஒரு நிறுத்தக் குறியைப் போட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தவன் வசமாக மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஓடவிட்டேன். சொல்லிவைத்ததுபோல் நின்றது. எழுதிய நானே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

பெரிய வெள்ளியன்று அந்த இடத்தில் பெஞ்சுகளில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. வழிபாடு முடிந்ததும், இந்த வருடம் புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எடத்துல நிறுத்தணும்னு உங்களுக்கு எப்படீங்க தோணுச்சு?"

"எனக்குத் தோணலீங்க ஃபாதர். கம்ப்யூட்டருக்குத் தோணுச்சுங்க."

அதையும் என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.