பொத்தானை விட்டால் நிற்க வேண்டும்

"ஓட்டப்போறது யாருங்க?" என்று கேட்டார்கள். "எங்க அக்கா" என்றேன். "என்ன படிச்சிருக்காங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. "படிக்கல" என்றேன். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் என் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன மோட்டார், எதை வெட்டப்போகிறோம், ஒன்றும் கிடையாது. என் அக்காவை எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

கல்கத்தாவின் சால்ட் லேக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் குழு அது. ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள், பொழுதுபோக்காக வீட்டில், கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் சிறிய சி.என்.சி. மெஷின் கட்டிப் பார்க்கிறவர்கள். பாதிப் பேர் தமிழர்கள். நான் செக்டர் ஃபைவில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கிறேன். பாலிடெக்னிக் டிப்ளமா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. அப்பா துறைமுகத்துக் கூலி வேலைக்காகக் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கார்டன் ரீச்சுக்கு வந்தபோது எனக்கு ஒரு வயது, அக்காவுக்கு ஏழு. அம்மாவும் வீட்டு வேலைக்குப் போனாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் அக்கா. அவள் படிக்காமல் போனது அப்படித்தான்.

காளிகாட்டில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் அவள் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். அக்ரிலிக் தகட்டிலும் பித்தளையிலும் வீட்டுக்காரர்களின் பெயரைச் செதுக்கும் சின்ன மெஷின். தெருக்கோடி டி.டி.பி. கடையில் எழுத்தை வடிவமைத்து பென் டிரைவில் தருவார்கள். அதை மெஷினின் ரிமோட்டில் செருகிவிட்டு, பிட்டை, அதாவது செதுக்கும் முனையை, தகட்டின்மேல் சரியான உயரத்துக்கு இறக்கி ஓட்டுவது அக்காவின் வேலை. உள்ளே மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு ஒருநாள் எரிந்துபோனது. முதலாளி அதைச் சரிசெய்யாமல் லேசர் மெஷின் வாங்கினார், அதை ஓட்டத் தன் அண்ணன் மகனைக் கூட்டிவந்தார். அக்காவிடம் "நீ பேக்கிங் பாரு" என்றார். ஒன்பது வருடம் மெஷின் ஓட்டியவளை அட்டைப்பெட்டி ஒட்டச் சொன்னார்.

அவள் சண்டை போடவில்லை. பழைய மெஷினைக் கேட்டு, பழைய இரும்பு விலைக்கு வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சால்ட் லேக்கில் ஒரு குடியிருப்பின் செயலாளருக்கு அவள் கைவேலை தெரியும். கட்டடத்தின் எல்லா வீட்டுக் கதவுக்கும் பலகை செய்து தரச் சொன்னார், துர்கா பூஜைக்கு முன்னால் வரும் மஹாலயாவுக்குள். முதலாளியும் அதே கெடுவைத்தான் வைத்தார். அதற்குள் திரும்பி வந்தால் பேக்கிங் வேலை, இல்லாவிட்டால் அதுவும் வேறு ஆளுக்கு. ஆக, மெஷின் ஓடினால் அவள் தன் காலில் நிற்பாள், ஓடாவிட்டால் பசையும் அட்டையும்தான்.

மெஷினின் இரும்புச் சட்டம் நன்றாக இருந்தது, மோட்டார்கள் நன்றாக இருந்தன. கன்ட்ரோலர் ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் படித்தவனான நான் ஏற்றுக்கொண்டேன். எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். விலை, வேகம், எத்தனை அச்சு, எந்த மென்பொருள், இணையத்தில் எத்தனை பேர் உதவுவார்கள் என்று பத்துப் பதினைந்து கட்டம். அதைத்தான் அந்த ஞாயிறு குழுவில் காட்டினேன்.

குழுவின் மூத்தவர் கோயம்புத்தூர்க்காரர், பொறியாளர். அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எதுக்குங்க இவ்வளவு யோசனை? லேப்டாப்புல யு.எஸ்.பி.யில மாட்டுற போர்டு போதும். ஓப்பன் சோர்ஸ். உலகமே அதைத்தான் ஓட்டுது" என்றார். "அக்காவுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் ரெண்டு பட்டன் பெருசா வெச்சுக் குடுத்துருங்க. மிச்சத்தை நீங்க பாத்துக்கலாம்."

இன்னொருவர், "ஸ்டாப்பை மட்டும் சிவப்பா வைங்க ப்ரோ, கலர் தெரியும்ல?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

போர்டு வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒயர் மாற்றினேன். லேப்டாப்பில் அம்புக்குறியை அழுத்தினால் மெஷின் நகர்ந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பர்சை எடுத்தாள். அதிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தாள். கல்கத்தாத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தருவாரே, விரல் அகலத்துக்கு மெல்லிய தாள், அது. தகட்டின்மேல் டிக்கெட்டை வைத்து, இடது கையால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே, வலது கையால் பிட்டைத் துளித்துளியாக இறக்குவாள். டிக்கெட் லேசாகப் பிடித்த கணம் நிறுத்துவாள். அதுதான் தகட்டின் மேல்மட்டம். அங்கிருந்துதான் எழுத்தின் ஆழம் கணக்கு. கண் அவளுக்கு டிக்கெட்டின்மேல்தான் இருக்கும், ரிமோட்டை ஒருமுறைகூடப் பார்க்கமாட்டாள்.

"எங்கடா ரிமோட்டு?"

"இந்த கீதான்க்கா. இதை அமுக்கு, எறங்கும்."

லேப்டாப் எட்டாத தூரத்தில் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதை அதன்மேல் வைத்தேன். அவள் ஒரு கையால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி, அந்த விசையை அழுத்தினாள். பிட் இறங்கியது. டிக்கெட் பிடித்தது. விசையை விட்டாள். பிட் நிற்கவில்லை. அவள் விட்ட பிறகும் கீழே போனது. டிக்கெட்டைக் குத்தி, தகட்டைக் குத்தி, முனை ஒடிந்து என் மோவாய்க்குப் பக்கத்தில் பறந்தது.

"விட்டுட்டேன்டா! நான் விட்டுட்டேன்!" என்றாள். தப்புச் செய்தவளைப் போல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அந்தக் கை தூக்கல் இன்னும் என்னை எரிக்கிறது.

அவள் விட்டது உண்மை. விசையை அழுத்தி வைத்திருந்த நேரத்தில் லேப்டாப் அனுப்பிய கட்டளைகள் போர்டுக்குள் வரிசையாக நின்றிருந்தன. வரிசை தீரும்வரை மெஷின் இறங்கியது. மூத்தவருக்கு போன் செய்தேன்.

"ரொம்ப நேரம் அமுக்கிட்டாங்க போல. ஆபரேட்டர் எரர்தானுங்க. ட்ரெயின் பண்ணுங்க" என்றார்.

"அவங்க ஒன்பது வருஷம் ஓட்டியிருக்காங்க சார்."

"அது வேற சிஸ்டம். இது கொஞ்சம் புரிஞ்சு ஓட்டணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விரலை எடுத்தால் நிற்க வேண்டும் என்று ஒரு மனுஷி எதிர்பார்க்கிறாள். மின்விசிறி நிற்கிறது, தையல் மெஷின் நிற்கிறது. இது நிற்காது, இதைப் புரிந்துகொள்ளாதது அவள் குறை! நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அதைச் சரிசெய்யவும் ஒரு வழி இருந்தது. எந்த மென்பொருளை மாற்ற வேண்டும் என்று அவரே பிறகு அனுப்பினார். மாற்றியிருந்தாலும் ஒவ்வொரு பலகைக்கும் லேப்டாப்பைத் திறக்க நான் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். என் அட்டவணையை மறுபடி பார்த்தேன். பதினைந்து கட்டத்தில் ஒன்றுகூட அவளுடைய கையைப் பற்றியதல்ல. அவளை முதலாளியிடமிருந்து மீட்டு என்னிடம் வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். அந்தக் குழுவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் திட்டினேன், மனசுக்குள், பஸ்ஸில், இரண்டு நாள்.

மூன்றாம் நாள் அவளையே கூட்டிக்கொண்டு சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனேன். கையில் பிடிக்கும் ரிமோட் வகைக் கன்ட்ரோலர் ஒரு கடையில் இருந்தது. கடைக்காரர் பெட்டியை என் பக்கம் தள்ளி, "தாதா, நீங்க பாருங்க" என்று வங்காளத்தில் சொன்னார்; தாதா என்றால் அண்ணன். "பாக்கப்போறது தீதி" என்றேன், அக்காவைக் காட்டி. அவர் என்னிடமே தொடர்ந்து பேசினார். மூன்று அச்சு என்றார், நினைவகம் என்றார். அக்கா கை நீட்டி ரிமோட்டை எடுத்துக்கொண்டாள்.

"கரண்டு குடுங்க."

"தீதி, எல்லாம் ஒரே சரக்கு. கம்பெனி டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறான்."

"அவன் டெஸ்ட் பண்ணிட்டான். நான் இன்னும் பண்ணலியே."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். வேறு வழியில்லாமல் ஒரு மோட்டாரை மாட்டிக் காட்டினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள், விட்டாள். முதல் ரிமோட்டைத் திருப்பித் தந்தாள், "இதுல பட்டன் ஒட்டுது." இரண்டாவதில் பொத்தான் ஆழமாகப் போகிறது என்றாள். மூன்றாவதை நெடுநேரம் அழுத்திப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுல எழுத்தெல்லாம் சீன மொழி, இங்கிலீஷுக்கு மாத்தித் தரேன்" என்றார் கடைக்காரர்.

"வேணாம்" என்றாள்.

நான் பதறினேன். "அக்கா, சீன எழுத்துக்கா!"

"துர்!" என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள். "சீனாக்காரன் எழுதினா என்ன, வெள்ளைக்காரன் எழுதினா என்ன, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பழசும் இப்படித்தான் இருந்துச்சு. மூணாவது வரி, வலது பட்டன், ஓகே. மாத்துனா வரிசை மாறிடும். நீ சும்மா இரு."

நான் சும்மா இருந்தேன். டிப்ளமாவில் கற்றுக்கொண்டபடி கார்டை மாற்றி ஒயர் கோத்தது மட்டும் என் வேலை. மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோதே அவள் முதல் பலகையை வெட்டிவிட்டாள். வாட்ஸாப்பில் படம் வந்தது. அதைக் குழுவில் போட்டேன். மூத்தவர் உடனே எழுதினார்: "சூப்பருங்க. அடுத்த கூட்டத்துல பேசுங்க. படிக்காதவங்களும் ஓட்டுற மாதிரி எப்படி எளிமையாக்கினோம்னு." எளிமையாக்கினோமாம்! நீளமாக ஒரு பதில் தட்டினேன், அழித்தேன், குழுவைவிட்டு வெளியேறினேன்.

மஹாலயாவுக்கு இரண்டு நாள் முன்னால் மாலையில் முதலாளி அழைத்தார். கடைசி நான்கு பலகை மீதி. அக்கா டிக்கெட்டை இழுத்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையும் வேலையில். "நீ எடுடா. வரலன்னு சொல்லு" என்றாள்.

போனை எடுத்தேன். "திங்கட்கிழமை வரச் சொல்லு, பேக்கிங்குக்கு ஆள் வேணும்" என்றார் அவர். ஒன்பது வருடத்தையும் சேர்த்துக் கேட்க எனக்கு வாய்ப்பு. தொண்டையைச் செருமி, "தாதா, நீங்க எங்க அக்காவை என்னன்னு நெனச்சீங்க..." என்று ஆரம்பித்தேன்.

மெஷினின் பக்கத்திலிருந்து, தலையைத் தூக்காமலே, "டேய்" என்றாள். "கத்தாத. கை ஆடுது. வரலன்னு மட்டும் சொல்லு."

அதை மட்டும் சொன்னேன்.