ஏட்டையாவின் தோப்புக்கரணம்

என் வீட்டுக்காரர் தென்காசியில் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் இவரிடம் மாட்டிய தேங்காய்த் திருடன் எவனும் தோப்புக்கரணம் போடாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததில்லை. இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எண்ணுவார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒருநாள் காலையில் காபி டம்ளர் இவர் இடது கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. மூளைக்குள் சின்ன ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு, இன்னொரு தடவை வந்தால் படுக்கைதான் என்றார் டாக்டர். ஓரளவு தேறியதும், பிரஷர் மாத்திரையோடு தினமும் உட்கார்ந்து எழுந்திருக்கவும் சொன்னார். உடம்பில் வலு ஏறினால் பிரஷர் இறங்கலாம், தலைக்குள் இருக்கும் குழாய்களுக்கும் அது நல்லதாக இருக்கலாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "நம்ம தோப்புக்கரணம்தான்" என்று சொல்லித் தொலைத்தார்.

அவ்வளவுதான். மாத்திரையை விழுங்குவார், எழுந்திருக்க மாட்டார். "ஊரையே போட வச்சவன் நான். என்னயப் போடச் சொல்லுதியா?" கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் சோறு போடாமலும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

வேறு வழியில்லாமல் குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். இவரிடம் நிறையத் தோப்புக்கரணம் போட்ட பழைய தேங்காய்த் திருடர் ஒருவர் திருந்தி, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் நின்றார். "ஏட்டையாவால முடியலையாம்லா? பாவம்."

"எவம்லே சொன்னான்?" என்று இவர் கட்டிலைப் பிடித்து எழுந்தார். காதைப் பிடிக்க இடது கை ஏறவில்லை. வந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கையை மெல்லத் தூக்கிக் காதில் வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு எண்ண ஆரம்பித்தார். நடுவில் வேண்டுமென்றே மறந்து, முதலிலிருந்து தொடங்குவார். எல்லாம் இவரிடம் கற்றதுதான்.

சாரல் தொடங்கும்வரை அவர் வரத் தவறவில்லை, இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரஷர் இறங்கியிருந்தது. மாத்திரையாலா, தோப்புக்கரணத்தாலா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

குற்றால சீசனில், அருவித் தண்ணீர் லேசாக விழுகிற ஓரத்தில் குளிக்க டாக்டர் அனுமதி கொடுத்தார். ஈரப் படியில் இறங்கும்போது இவர் இடது கையால் அந்த மனுஷனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டையா, தோளு வலிக்கி. மெதுவாப் பிடிங்க" என்றார் அவர்.

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் நின்று அழுதேன்.