கடாரத்துக்கு ஓட்டுப் போடாத கடாரத்துக்காரர்கள்

போன வெள்ளிக்கிழமை, கெடாவின் அலோர் ஸ்டாரில், மெர்கோங் பகுதியில் இருக்கும் என் வீட்டு ஹாலில் வைத்து, கடாரத்தைக் கொளுத்தினார்கள்.

கொளுத்தியவர் குருண் ஊரில் லாரி டயர் கடை வைத்திருக்கும் அந்தோணி. கப்பல் அனுப்பி வைத்தவர் கோலா கெத்திலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் சரஸ்வதி டீச்சர். எரிந்துபோன கடாரத்தின் ராஜா... அடியேன்தான்.

பதறாதீர்கள். கேம். கம்ப்யூட்டர் கேம்.

“இந்த வயசில் கேமா?” என்று முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு – ஆமாம், இந்த வயசில்தான். கல்யாண வீட்டில் விடிய விடிய சீட்டு ஆடுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. தூண்டிலைப் போட்டுவிட்டு நாள் முழுக்க வெறும் வாளியோடு திரும்புகிறவர்களையும் கேட்பதில்லை. என்னை மட்டும் கேட்கிறீர்கள்!

விஷயத்துக்கு வருகிறேன். இது சரித்திர கேம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உலக மேப் திரையில் விரியும். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து ‘ஆரம்பி’ என்று அழுத்த வேண்டும். அப்புறம் நீங்கள்தான் ராஜா. வரி போடலாம், துறைமுகம் கட்டலாம், பக்கத்து நாட்டோடு சம்பந்தம் பேசலாம், சண்டைக்கும் போகலாம். அவ்வப்போது கம்பெனிக்காரர்கள் ‘எக்ஸ்பான்ஷன்’ என்று ஒன்றை விடுவார்கள். புது நாடுகளும் புது விதிகளும் சேர்த்த கூடுதல் பகுதி. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

அதில்தான் என் வயிற்றெரிச்சல்.

போன எக்ஸ்பான்ஷன் ஐரோப்பா. அதற்கு முந்தியது? ஐரோப்பா. அதற்கும் முந்தியது ஐரோப்பிய ராஜாக்களின் கிரீடமும் தாடியும். சத்தியமாக! தாடிக்கு மட்டும் அத்தனை மாடல்கள். நாலு ஆடும் ஒரு மரப்பாலமும் இருக்கிற மலைக்கிராமத்துக்குக்கூட அங்கே ஒரு பிரபு உண்டு. அவருக்கு ஒரு பொறாமைக்கார மைத்துனன் உண்டு.

நம் கெடா? பச்சையாக ஒரு திட்டு. அதன்மேல் கிளிக் செய்தால் ஒரு மீன் படம் வரும். கீழே, ‘இந்த நாட்டை விளையாட முடியாது’ என்று ஒரு வரி.

மீனாம்!

இது கடாரம் ஐயா. கடலில் வருகிறவன் ஜெராய் மலையை அடையாளம் வைத்துக் கரை சேர்ந்த ஊர். ஆற்றோரத்தில் இரும்பை உருக்கிக் கப்பலில் ஏற்றிய ஊர். தமிழ் வணிகனும் சீன வணிகனும் வந்து இறங்கி, பருவக்காற்று மாறுகிறவரை சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, சாமி கும்பிட்டுக் காத்துக்கிடந்த ஊர். சோழன் கடல் தாண்டி வந்து அடித்துவிட்டுப் போகிற அளவுக்குச் செழிப்பாக இருந்த ஊர். இவ்வளவையும் சேர்த்து இவர்கள் போட்டது ஒரு மீன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கடாரத்தில் இருந்து ஆட்டத்தை ஆரம்பிக்க விடுங்கள். அதற்கேற்ற மாதிரி விதிகளை எழுதுங்கள். இந்த கேமில் படையெடுக்கிறவனுக்குத்தான் பாயிண்ட். இரண்டு பெரிய பேரரசுகளுக்கு நடுவே, இரண்டு பேரிடமும் சிரித்துப் பேசி, அடி வாங்காமல் பிழைக்கிறவனுக்கு எதுவும் கிடையாது. காற்றுக்குக் காத்திருப்பது ஒரு விதியாக வரட்டுமே? மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட வணிகர்களின் வழக்கை ராஜா தீர்த்து வைக்கட்டுமே? எத்தனை சுவாரசியமாக இருக்கும்! ஒருவேளை இன்னொரு எக்ஸ்பான்ஷனில் ரப்பர் காலத்துக்கும் வருவார்கள். அப்போது தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களை ஒரு மூலையில் வெறும் எண்ணிக்கையாக நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும். இந்தக் கவலையும் எனக்கு இப்போதே வந்துவிட்டது.

இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி ஒரு ஓட்டெடுப்பு அறிவித்தது. அடுத்த எக்ஸ்பான்ஷன் எது? ஒன்று, வடக்கே ஒரு பனி நாடு. இரண்டு, சோழப் பேரரசு. மூன்று... கடாரமும் மலாக்கா நீரிணைத் துறைமுகங்களும்!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. நான் பிறந்த ரப்பர் எஸ்டேட்டின் பெயர் இன்றைக்கு எந்த மேப்பிலும் இல்லை. மரங்களை வெட்டி, வீடமைப்பு கட்டி, அதற்கு ஏதோ ஒரு பூவின் பெயரை வைத்துவிட்டார்கள். விளையாட்டு மேப்பிலாவது நான் நிற்கிற மண்ணில் விரலை வைத்து ‘ஆரம்பி’ என்று அழுத்த எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?

உடனே அந்தோணிக்குப் போன் போட்டேன்.

“அந்தோணி, ஓட்டுப் போட்டியா?”

“காலையிலயே போட்டாச்சு லா அண்ணே.”

“கடாரத்துக்குத்தானே?”

“சோழனுக்கு.”

“என்னது?”

“சோழன்னா நம்மாளு லா அண்ணே! கப்பலு, யானை, புலிக்கொடி... கடாரத்துல என்னா இருக்கு?”

“நீ இருக்கடா!”

அந்தப் பக்கம் டயருக்குக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

சரி, படித்தவர், புரிந்துகொள்வார் என்று சரஸ்வதி டீச்சரைக் கேட்டேன். “அண்ணே, பிள்ளைங்களுக்கு சோழர் கப்பல வரையச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நானே மாத்திப் போட்டா எப்படி?” என்றார். கேம் ஆடுகிற எங்கள் வாட்சப் குழுவைத் திறந்து பார்த்தால் எல்லார் முகத்துக்குப் பதிலாகவும் புலிக்கொடி. ஒருவர் சுங்கை பட்டாணி, ஒருவர் குருண், ஒருவர் அலோர் ஸ்டார். எல்லாரும் கெடாவில் உட்கார்ந்துகொண்டு, கெடாவை அடிக்கப் போகிற நாளுக்குக் காத்திருக்கிறார்கள். தன் வீட்டுக்குத் தீ வைக்க வருகிற கப்பலுக்கு ஆரத்தி எடுக்கிற கூட்டத்தை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

பேசிப் பயனில்லை, ஆடிக் காட்டலாம் என்று வெள்ளிக்கிழமை லீவில் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். ரசிகர்கள் தாங்களாகவே செய்து இலவசமாகக் கொடுத்த ஒரு சேர்க்கை இருக்கிறது. அதில் கடாரமும் உண்டு, காற்றுக்குக் காத்திருக்கிற விதியும் உண்டு. நான் கடாரத்து ராஜா. டீச்சர் தஞ்சாவூரில் சக்கரவர்த்தி. அந்தோணி அவருடைய கடற்படைத் தளபதி. என் துறைமுகத்தின் அழகைப் பார்த்தாவது மனம் மாறுவார்கள் என்று நினைத்தேன்.

எங்கே? தட்டில் மீ கோரிங் நூடுல்ஸ் ஆறுவதற்குள் அடித்துவிட்டார்கள்.

“கொளுத்து அந்தோணி, கொளுத்து!” என்று டீச்சர் கத்திய கத்தலில் என் மனைவி ரெஜினா சமையலறையில் இருந்து வெளியே வந்தாள்.

“யாரு வீட்டக் கொளுத்துறீங்க?”

“நம்ம வீட்டத்தான்” என்றேன்.

“மொதல்ல தட்டக் கழுவி வச்சிட்டுக் கொளுத்துங்க.”

ஊர் விழுந்ததும் அந்தோணியின் திரையில் ஒரு கேள்வி வந்தது. கொள்ளையோடு ஊர் திரும்புகிறாயா, அல்லது தங்கி ஆட்சி செய்கிறாயா? பேராசை பிடித்தவன்... ‘தங்கு’ என்று அழுத்திவிட்டான். நான் ஆட்டத்தை விட்டு வெளியேறி, கோப்பியோடு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வேடிக்கை அப்புறம்தான் ஆரம்பித்தது.

முதலில் அரிசி பற்றாக்குறை. அடுத்து வணிகர்களுக்குள் கைகலப்பு. அவன் கொளுத்திய சந்தையை அவனேதான் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

“அண்ணே, இந்தக் காத்து எப்ப லா மாறும்?” என்று என்னையே கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். என்ன செய்வது, என் ஊராயிற்றே. மெல்ல மெல்ல நிமிர்த்தினான். உலைகள் எரிந்தன, இரும்பு குவிந்தது, கப்பல்கள் வந்தன. அவன் முகத்தில் ஒரு பெருமிதம்கூடத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து சக்கரவர்த்தி வாய் திறந்தார். “அந்தோணி, இரும்பு எல்லாத்தையும் தஞ்சாவூருக்கு அனுப்பு.”

“எதுக்கு டீச்சர்?”

“கப்பம்.”

“இங்கயே இப்பத்தான் நிமிர்ந்து வரோம். எங்க ஊரு இரும்ப எதுக்கு அங்க அனுப்பணும்?”

டீச்சர் மெல்லத் தலையைத் தூக்கினார். “எங்க ஊரா? எந்த ஊரு?”

“கடாரம்!”

“நான் அனுப்பின ஆளு நீ! கடல் தாண்டிப் போனா எல்லாம் மறந்து போயிடுமா?”

“அங்க உக்காந்துகிட்டுச் சொல்லாதீங்க லா டீச்சர்! இங்க வந்து இருந்து பாருங்க, தெரியும்!”

“நான் இங்கதானே இருக்கேன்! பொறந்ததுல இருந்து கோலா கெத்தில்லதானே இருக்கேன்!”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. ரெஜினா இருந்ததால் அடிக்கவில்லை.

இருவரும் அங்கேயே போனை எடுத்து ஓட்டை மாற்றிப் போட்டார்கள். குழுவில் மற்றவர்களிடமும் பேசுவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு நான் தூங்கப் போனது ராஜாவாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு. உலகமே ஞாயிறு லீவில் இருக்கும் என்று கம்பெனிக்கு நினைப்பு. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் லீவு, ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். ஆபீசில் மேனேஜர் கண்ணில் படாமல் மேசைக்கடியில் போனை வைத்துப் பார்த்தேன்.

ஜெயித்தது பனி நாடு.

புலிக்கொடிக்காரர்கள் அசையவே இல்லை. சோழனும் கடாரமும் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு நிற்க, பனி நாடு நோகாமல் நடுவில் புகுந்துவிட்டது. பனிச்சறுக்கு வண்டி வருகிறதாம். ஓநாய் வருகிறதாம். ‘ரசிகர்கள் பெரிதும் விரும்பிய’ புதிய தாடிகளும் வருகின்றனவாம்! எந்த ரசிகர்? அவர் விலாசத்தை யாராவது எனக்குக் கொடுங்கள்.

மனசு விட்டுப்போய் வீடு திரும்பினால், அந்தோணியிடமிருந்து ஒரு படம். இருக்கிற கேமிலேயே பனி நாட்டை எடுத்து ஆட ஆரம்பித்திருக்கிறான், துரோகி. பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பனி. நடுவில் தலைநகரம். அதன் பழைய பெயரை அழித்துவிட்டுத் தமிழில் புதுப்பெயர் வைத்திருந்தான் – ‘குருண்’. கீழே ஒரு வரி: “அண்ணே, எங்கருந்து ஆரம்பிச்சாலும் நம்ம ஊருதான் லா.”

அதெல்லாம் சரி... கடாரம் என்று வைத்திருந்தால் கையா முறிந்துபோயிருக்கும்?