பலோமார், எண் எட்டு

எஸ்தான்சியா என்ற கடலோர ஊரின் மீன் சந்தையில் டெல்ஃபினாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச இன்னும் ஆள் பிறக்கவில்லை. அவளையே அந்த ஏப்ரலில் நாலாம் வட்டம் மொத்தமும் சேர்ந்து ஒரு வாரம் வறுத்தெடுத்தது.

நாலாம் வட்டத்துக் கூடைப்பந்து அணிக்கு அவள் மேனேஜர் ஆனதே ஒரு விபத்து. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆட்டத்துக்குப் பழைய மேனேஜர் வரவில்லை. தாளில் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் ஆடவிடுவோம் என்றார்கள். மீன் செதில் ஒட்டிய கையோடு டெல்ஃபினா போட்டாள். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஆறு கோப்பை. ஆறுக்கும் காரணம் டாட்டோங் பலோமார், எட்டாம் எண்.

டாட்டோங் ட்ரைசிக்கிள் என்னும் மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுகிறவன். இப்போது வயது நாற்பத்தொன்று. போன வருட இறுதி ஆட்டத்தில் அவன் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கி, இரண்டாம் வட்டத்திடம் பத்தொன்பது புள்ளியில் தோற்றார்கள். அதிலிருந்து டாட்டோங்கின் காலம் முடிந்தது என்று ஊரில் ஒரே பேச்சுதான்.

அந்தச் சமயம் பார்த்து இரண்டாம் வட்டத்து மேனேஜர் அர்செனியோ வலை வீசினான். அரிசிக் கடைக்காரன், வாய் நிறையச் சிரிப்பான், நம்பக்கூடாது. தன்னிடம் இருக்கும் ஜோமாரைத் தருகிறேன், டாட்டோங்கைக் கொடு என்றான். ஜோமாருக்கு இருபத்திரண்டு வயது, ஆறடி மூன்று அங்குலம், குதித்தால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். சனிக்கிழமை ஜெர்சி அச்சடிக்கப் பெயர்ப் பட்டியல் போகும்வரை ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்பது லீக் விதி. அப்புறம் அச்சில் வந்த சட்டையையும் பெயரையும் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும், மாற்றமே இல்லை.

கிழவனை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்யப் போகிறான் என்று எல்லோரும் வியந்தார்கள். பதில் அரிசிக் கடையிலிருந்தே கசிந்தது. டாட்டோங்கை ஆடவிடப் போவதில்லை, தன் பெஞ்சில் பொம்மை மாதிரி உட்காரவைக்கப் போகிறான், நாலாம் வட்டம் அதைப் பார்த்து அழட்டும் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டபோது டெல்ஃபினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அணிப் பையன்களுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஜோமார் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வட்டத்துக் கவுன்சிலர் வில்ஃபிரெடோ இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றாமல் தோற்றால் மேனேஜர் பதவியைத் தன் தம்பியிடம் விட்டுவிட வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை சந்தை கலையும் நேரத்தில் டாட்டோங்கே வந்து நின்றான்.

"அக்கா, குடுத்துடுங்க. என் முட்டி போச்சு. அந்தப் பையன் வந்தா ஜெயிப்பீங்க."

டெல்ஃபினா கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "போன வருஷம் நீ வெளிய வந்து உக்காந்தியே, நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துல நம்ம பசங்க எத்தனை தடவ ஒருத்தன ஒருத்தன் திட்டிக்கிட்டாங்க தெரியுமா? நான் எண்ணுனேன். பதினொரு தடவ."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீ உள்ள இருந்தா எவன் எங்க நிக்கணும்னு கத்திக்கிட்டே இருக்க. அவனுங்க வாய மூடிக்கிட்டு ஆடுறானுங்க. எனக்கு உன் முட்டி வேணாம்டா. உன் வாய்தான் வேணும்."

டாட்டோங்கின் முகம் மலர்ந்தது. அவள் விடவில்லை. முதல் மூன்று கால் பகுதியும் பெஞ்சில் உட்கார வேண்டும், கடைசிப் பத்து நிமிடம்தான் ஆட்டம் என்றாள். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிப்போனது. பதினாறு வயதிலிருந்து முதல் ஐவரில் ஒருவனாகவே இறங்கியவன் அவன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். எதிரியிடம் விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று டெல்ஃபினாவுக்குத் தெரியும். அவளுக்கும் வலித்தது. ஆனாலும் சனிக்கிழமை மாற்றுத் தாளில் அவள் கையெழுத்துப் போடவில்லை.

அங்கேதான் அர்செனியோவின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. கிழவன் கைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்து அவன் புதன்கிழமையே பட்டியலை நகரத்துக்கு அனுப்பிவிட்டான். ஆரஞ்சு நிறத்தில் ஜெர்சிகள் வந்து இறங்கின. அதில் ஜோமார் பெயரில் ஒன்றுமில்லை. 'பலோமார் 8' மட்டும் பளபளவென்று இருந்தது. மறுபடி அச்சடிக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். விதி விதிதான். ஆறடி மூன்று அங்குல ஜோமார், டாட்டோங்கின் அளவுக்குத் தைத்த சட்டையில், தொப்புள் தெரிய, லீக் முழுவதும் பலோமாராக ஆடினான். பெயரின் மேல் ஒட்டிய நாடா ஐந்து நிமிட வியர்வையில் உரிந்து விழுந்துவிடும். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து டாட்டோங் பயிற்சிக்கு வந்தான். யாரும் சொல்லாமலே பெஞ்சில் போய் உட்கார்ந்தான். டெல்ஃபினா கண்ணைத் துடைத்துக்கொண்டது வெயிலால் அல்ல.

ஊர்த் திருவிழாவுக்கு முந்தின மாலை இறுதி ஆட்டம். மறுபடி இரண்டாம் வட்டம்தான். மூன்றாம் கால் பகுதி முடிந்தபோது பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். கவுன்சிலரின் தம்பி அதற்குள் தலை சீவி, புதுச் சட்டை போட்டு, பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். டெல்ஃபினா அவனைத் தள்ளிக்கொண்டு எழுந்து டாட்டோங்கின் தோளைத் தட்டினாள்.

அவன் ஓடவில்லை, ஓட முடியாது. நின்றான், கத்தினான். இடப்பக்கம் போ, கையைத் தூக்கு, விடு, பிடி என்று கத்திக்கொண்டே இருந்தான். சண்டைக்காரப் பையன்கள் பள்ளிப் பிள்ளைகளாக மாறினார்கள். பதினான்கு எட்டானது, எட்டு மூன்றானது.

இரண்டு நிமிடம் மீதி. ஜோமாருக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல், ஐந்தானால் வெளியே போக வேண்டியதுதான். பந்தோடு காளை மாதிரி வந்தான். டாட்டோங் அவன் வழியில் போய் இரண்டு காலையும் ஊன்றி நின்றான். அசையவே இல்லை. நிற்கிறவன்மேல் மோதினால் மோதியவன் பேரில்தான் ஃபவுல். ஜோமார் மோதியதும் டாட்டோங் பொத்தென்று சிமெண்டுத் தரையில் மல்லாந்தான். நடுவர் விசில் ஊதினார்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. "இரண்டாம் வட்டம், எண் எட்டு, பலோமார். ஐந்தாவது ஃபவுல். வெளியே."

ஒரு கணம் ஊரே திகைத்தது. பிறகு எழுந்த சிரிப்பில் கடலில் படகுகூட ஆடியிருக்கும். தரையில் கிடந்த அசல் பலோமார் எழுந்திருக்கக்கூட முடியாமல் சிரித்தான். ஜோமார், பாவம், அவனும் சிரித்துவிட்டான். கை கொடுத்துத் தூக்கியவன் அவன்தான்.

ஜோமார் இல்லாத இரண்டாம் வட்டம் ஆட்டம் கண்டது. டாட்டோங் கத்திக் காட்டிய மூலையிலிருந்து நாலாம் வட்டத்துப் பையன் ஒருவன் கடைசிப் பந்தைப் போட்டான். ஒரு புள்ளியில் வெற்றி. டாட்டோங் அன்றைக்கு ஒரு பந்துகூட வளையத்தில் போடவில்லை. ஊர் அவனைத்தான் தோளில் தூக்கியது. புதுச் சட்டைக்காரத் தம்பியை எங்கும் காணவில்லை.

கூட்டம் கலைவதற்குள் அர்செனியோ வந்துவிட்டான். இந்தமுறை சிரிப்பு இல்லை.

"அடுத்த வருஷம் ஜோமாரோட இன்னொரு நல்ல பையனையும் தர்றேன். டாட்டோங்க குடு. சத்தியமா பெஞ்சுல உக்கார வைக்க மாட்டேன்."

டெல்ஃபினா கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "பெஞ்சுல உக்கார வைக்கத்தான்யா எனக்கே அவன் வேணும்."

கூட்டத்தின் தோள்மேல் இருந்த டாட்டோங்குக்கு அது கேட்டது. அடுத்த ஏப்ரலில் முதல் நாள் பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, பெஞ்சின் நடுவில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.