மூன்று விரல்

என் மகளுக்கு அப்போது பத்து வயது. எடை வயதுக்கு மீறி இருந்தது. எத்தனை கிலோ என்று எழுதப் போவதில்லை. கல்யாண வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கூசிப்போக வைத்தது போதும்.

உடற்பயிற்சி எழுதிக் கொடுக்கும் முன் அவள் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டும் என்று குழந்தைகள் டாக்டர் ஒரு சோதனைக்கு அனுப்பினார். ஸ்ரீவராகத்திலிருந்து ஆட்டோவில் போனோம். வழி முழுக்க நான் பேசினேன், அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அங்கே போய் ரெண்டு நிமிஷத்துலே மூச்சு வாங்கறதுன்னு நிக்காதே. எம்மானத்தை வாங்காதே."

"சரிம்மா."

எங்கள் வீட்டில் 'முடியலே' என்பது கெட்ட வார்த்தை. அப்படி ஆக்கியவள் நான்தான். நான் ஒல்லி. நாற்பது வயதிலும் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவள். காலையில் குளத்தைச் சுற்றி நடக்க அவளையும் இழுத்துப் போவேன். இரண்டாவது சுற்றில் நின்றுவிடுவாள். "நடிக்காதே, நட" என்பேன். நடிக்கிறாள் என்றுதான் நிஜமாகவே நம்பினேன். எனக்கு வேர்க்கக்கூட வேர்க்காத ஒரு நடை அவளுக்கு எப்படிக் கஷ்டமாக இருக்க முடியும்? இது ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

சோதனை அறையில் ஒரு டிரெட்மில், இதயத் துடிப்பைக் காட்டும் ஒரு திரை, சுவரில் ஒரு அட்டை. அட்டையில் பூஜ்யம் முதல் பத்து வரை எண்கள், எண்களுக்கு மேலே மலை ஏறும் ஒரு பையன். பூஜ்யத்தில் சிரிக்கிறான், பத்தில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். சோதனை செய்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மலையாளத்தில்தான் பேசினாள்.

"இது பரீட்சையல்ல, மோளே. எத்ர பாடு தோணுன்னோ, அத்ர விரல் காணிச்சா மதி."

எவ்வளவு கஷ்டமாக இருக்கிறதோ அத்தனை விரல். அந்த விரல்களையும் பார்த்துத்தான் சரிவை ஏற்றுவார்கள், தாங்காது என்று தெரிந்தால் நிறுத்துவார்கள். பெல்ட் ஓட ஆரம்பித்தது. முதல் தடவை கேட்டபோது இரண்டு விரல் காட்டினாள். சரிவு ஏறியது. அவள் முகம் சிவந்தது, பின்னல் வேர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி கேட்டாள் அந்தப் பெண். என் மகள் ஐந்து விரலையும் விரித்து, மற்ற கையையும் கம்பியிலிருந்து எடுக்கப் போனாள்.

நான் சிரித்த முகத்தோடு, ஏதோ தைரியம் சொல்கிறவள் மாதிரி, வீட்டுத் தமிழில் சொன்னேன். "மூணுக்கு மேலே காட்டினயோ, பாத்துக்கோ. சும்மா நடிக்காதே."

இது மலையாள ஊருக்குள் இருக்கும் எங்கள் தமிழ்த் தெருவின் பழக்கம். வெளி ஆட்களுக்கு எதிரில் ரகசியம் பேச வேண்டுமானால் தமிழுக்குத் தாவிவிடுவோம். புடவைக் கடையிலும் பஸ்ஸிலும் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்திலும் அதேதான். இந்த ஊரில் பாதிப் பேர் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள். அது தெரிந்தும், நம் பேச்சு நமக்கு மட்டும்தான் என்று ஒரு அசட்டு நம்பிக்கை எங்களுக்கு.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விரல்கள் மடங்கின. மூன்று மிச்சம் இருந்தன.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். குழந்தையைத் தாங்கிப் பிடித்து இறக்கி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். அதன் பிறகு என்னிடம் தமிழில் பேசினாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. நான் படிச்சது நாகர்கோவில்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் வந்த வெட்கம் குழந்தைக்காக வந்ததில்லை. பிடிபட்டுவிட்டேனே என்று வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறது.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் கேட்டாள், "இனி பற, மோளே. எத்ரயாயிருந்நு?"

"ஒம்பது," என்றாள் என் மகள். கொஞ்சம் பொறுத்து, பள்ளிக்கூடத்து மலையாளத்தில், "அம்மயோடு மூணுன்னு பறஞ்ஞா மதி, சேச்சி."

அம்மாவிடம் மூன்று என்று சொன்னால் போதுமாம். நான் தமிழில் ஒளிந்துகொண்டது போல அவள் மலையாளத்தில் ஒளிந்துகொண்டாள். எனக்கும் எல்லாம் புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

இன்னொரு நாள் அம்மா இல்லாமல் செய்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும்போது ஆட்டோவில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். டிரைவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் போர்ஷன் மாடியில். பாதிப் படியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தோள் ஏறி இறங்கியது. வேறு நாளாக இருந்தால், "ம், ஏறு" என்றிருப்பேன். அன்று நானும் படியில் உட்கார்ந்தேன்.

"இப்போ எத்தனை, கண்ணா? நெஜத்தைச் சொல்லு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் மூன்று விரலைக் காட்டினாள்.